இரண்டு பைசாவால் அளந்த துப்பாக்கி

என் இரண்டாவது குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. அதற்குள் எனக்கு அனுபவசாலி என்று பெயர் வந்துவிட்டது. வேலையை விட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. ஆயுத உரிமப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நாலே வார்த்தை என்றால் இதுதான்: துப்பாக்கியைத் திறந்து பார்த்து எழுதுங்கள். இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் எனக்கும் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் பணிவாகத் தலையாட்டியிருப்பேன். மறுநாள் திறக்காமலேயே எழுதியிருப்பேன். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

செஞ்சியில் அந்த மேஜையில் நான் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கி லைசென்சைப் புதுப்பிக்க வருகிறவர்கள் எல்லோருமே மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் இருப்பதைப் பார்த்ததும் குரலை ஒரு படி ஏற்றுவார்கள். கையெழுத்துப் போடுவதற்குள் ஒரு வேட்டைக் கதை வரும். ராஜகிரி மலையில் சிறுத்தையைச் சுட்டதாகச் சொன்ன பதினோரு பேரை நான் எண்ணியிருக்கிறேன். அவ்வளவு சிறுத்தைகள் அங்கே இருந்திருந்தால் செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க எந்தப் படையும் கிட்டே வந்திருக்காது. கதை முடிந்ததும், "உங்கள் துப்பாக்கி என்ன போர்?" என்று கேட்பேன். பாதிப் பேருக்குத் தெரியாது. "பெரிசும்மா, நல்ல பெரிசு" என்பார்கள்.

போர் என்பது குழலின் அகலத்துக்கு வைத்த எண். பன்னிரண்டு, பதினாறு, இருபது என்று போகும். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். இந்தத் தலைகீழ்க் கணக்கு பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. எங்கள் ஹெட்கிளார்க் அந்தப் பிரிவில் ஒன்பது வருஷமாக இருந்தார். அவருக்கு அது பிடிபட்டதா என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. ஏனென்றால் அவரிடம் காசு இருந்தது.

காசு என்றால் நிஜமாகவே காசு. ஓரம் அலையலையாக இருக்குமே, பழைய இரண்டு நயா பைசா, அது. அதில் ஓட்டை போட்டு நூல் கட்டி மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். கூடவே நூல் கட்டிய ஒரு நயா பைசா. துப்பாக்கியை நிமிர்த்திவைத்து, வாயில் இரண்டு பைசாவை விட வேண்டும். உள்ளே போனால் பன்னிரண்டு போர். போகாவிட்டால் ஒரு பைசாவை விட வேண்டும். அது போனால் பதினாறு. அதுவும் போகாவிட்டால் இருபது. நூல் எதற்கென்றால், முன்பு ஒரு தடவை காசு உள்ளே விழுந்து, அதை எடுக்க அலுவலகமே முற்பகல் முழுவதும் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்ததாம். அந்த உலுக்கலில்கூட ஒருவருக்கும் துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறக்கலாமே என்று தோன்றவில்லை. தொடங்கிவைத்தவர் பெயர் தெரியாத பழக்கத்துக்கு எங்கள் ஊரில் 'ஆபீஸ் நடைமுறை' என்று பெயர். நான் சேர்ந்த அன்றைக்கே அந்த நூலை என் கையில் கொடுத்தார்கள். நானும் தாலியை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டேன்.

வருஷத்துக்கு ஒரு முறை தணிக்கை நடக்கும். உரிமம் வைத்திருக்கிறவர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். நான் சேர்ந்த மூன்றாவது வருஷத் தணிக்கையின்போது என் மூத்தவனுக்கு எட்டு மாதம். அவனை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வருவேன். பதினோரு மணிக்கெல்லாம் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். ரவிக்கை நனைந்திருக்குமோ என்ற பயத்தில் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நிற்பேன். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். தவறு நடந்த நேரத்தில் என் மனசு எங்கே இருந்தது என்பதும் தவறின் பகுதிதான்.

தணிக்கைக்குப் பதினைந்து நாள் முன்பு அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு வரப்புத் தகராறில் யாரோ ஒருவன் சுட்டு, இன்னொருவன் தொடையில் ரவை பாய்ந்திருந்தது. சுட்டவனும் அகப்படவில்லை, துப்பாக்கியும் அகப்படவில்லை. வரப்பில் கிடந்த காலித் தோட்டாவை வைத்து அது பன்னிரண்டு போர் என்று மட்டும் தெரிந்திருந்தது. அதனால் அந்த வருஷத் தணிக்கையில் ஒரு போலீஸ்காரரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் தளவானூர் ஏழுமலை வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். மூன்று ஏக்கர் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார். பன்றி வந்து தோண்டிவிடுகிறது என்பதற்காகத் துப்பாக்கி. கையில் இருந்தது நீளமான, அழகான இரட்டைக் குழல் துப்பாக்கி. எங்களிடம் வரும் முரட்டு நாட்டுத் துப்பாக்கிகளுக்கு நடுவில் அது கல்யாண வீட்டுக்கு வந்த பட்டணத்துப் பெண்போல் இருந்தது.

"எங்க நைனா வாங்குனதும்மா. பாண்டிச்சேரியில ஒரு தொரை ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனாராம்" என்றார்.

உரிமத்தில் 'இரட்டைக் குழல், 12 போர்' என்று எழுதியிருந்தது. துப்பாக்கியின் தொடர் எண்ணும் இருந்தது. விசைக்குக் கீழே வளைந்திருக்கும் இரும்பில் அந்த எண்ணைத் தேடினேன். இரண்டு தலைமுறைக் கை பட்டுத் தேய்ந்துபோயிருந்தது. கடைசி இரண்டு இலக்கம்தான் தெரிந்தது. சரி என்று நூலை எடுத்தேன்.

வலது குழலில் இரண்டு பைசா இறங்கியது. லேசாக உரசிக்கொண்டுதான், ஆனால் இறங்கியது. இடது குழலில் இறங்கவில்லை. விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டது. திருப்பி வைத்தேன், அழுத்தினேன். ம்ஹூம்.

"சார், ஒண்ணுல போகுது, ஒண்ணுல போகலை."

ஹெட்கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டு குழலை ரெண்டு அளவுல எவனாச்சும் செய்வானாம்மா? ஒண்ணு தேஞ்சிருக்கும். போகலைன்னா போகலைதான். அடுத்ததைப் போடு."

ஒரு பைசா இரண்டிலும் விழுந்தது. "பதினாறு" என்றார் அவர்.

பக்கத்தில் நாற்காலி போட்டு அனந்தபுரத்து மில்காரர் உட்கார்ந்திருந்தார். அரிசி மில்லும் காரும் வைத்திருந்தார்; நான் சொன்ன பதினோரு பேரில் இவரும் ஒருவர், இவர் கணக்கில் மட்டும் மூன்று சிறுத்தை. தன் துப்பாக்கியைத் தணிக்கைக்குக் கொண்டுவந்தவர், உரிமப் புத்தகத்தை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். ஆனாலும் காபி குடிக்க உட்கார்ந்துவிட்டார். ஏழுமலையின் துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இதுக்குப் போயி காசெல்லாம் போட்டுக்கிட்டு. இதப் பாரு, குழலைத் தாங்குற இந்த நடு இரும்பு. ஃப்ரேம்னு சொல்றது. எவ்ளோ ஒல்லியா இருக்குது பாத்தியா? இது சிக்ஸ்டீன் ஃப்ரேம். என் துப்பாக்கியில இந்த எடம் எருமைக் கழுத்தாட்டம் இருக்கும். பாண்டிச்சேரி சரக்கு பூரா பதினாறுதான். கையில தூக்குனாலே சொல்லிடுவேன் நான்."

போலீஸ்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். "லைசென்சுல பன்னண்டு. கையில பதினாறு. அப்ப பன்னண்டு எங்கய்யா?"

"இதாங்க அது" என்றார் ஏழுமலை. "நான் பன்னண்டு போர் தோட்டாதாங்க போடறேன்."

"அதான் கேக்கறேன். பன்னண்டு தோட்டா போட்ட அந்தத் துப்பாக்கி எங்க?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன். ஒன்றில் போகிறது, ஒன்றில் போகவில்லை என்பது என் விரல் நுனியில் இன்னும் இருந்தது. ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பெரியவர்கள் இரண்டு பேர், ஒருவர் காசைக்கொண்டும் ஒருவர் கழுத்தைக்கொண்டும், ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். 'உரிமத்தில் கண்ட ஆயுதம் இது அல்ல' என்று என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். பிறகு துணி நாடாவால் துப்பாக்கியைச் சுற்றிக் கட்டி, திறப்பதற்குத் தள்ளும் சிறு பிடி, நெம்பு என்பார்கள், அதன்மேலேயே அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தேன். இனிமேல் முத்திரையை உடைக்காமல் அந்தத் துப்பாக்கியைத் திறக்க முடியாது. நடைமுறை எவ்வளவு புத்திசாலித்தனமானது பாருங்கள்: உண்மை எந்த இடத்தில் இருக்கிறதோ, சரியாக அங்கே அரக்கு.

ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். படியிறங்கும்போது, "அம்மா, காலைல வுட்ருவாங்கல்ல?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். எந்த உரிமையில் ஆட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எழுதிட்டல்ல? மேல இருக்கறவங்க பாத்துப்பாங்க. நீ ஏன் டென்ஷன் ஆவற?" என்றார். பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, வலது, இடது என்று விரலை மாற்றி மாற்றி மடக்கிக்கொண்டிருந்தேன். வலது தேய்ந்ததால் அகலமானது என்றால், தேய்வதற்கு அதில் என்ன ஓடியது? கதவுக் கீலா அது? இந்தக் கேள்வி அன்றைக்குப் பகலிலேயே வந்திருக்க வேண்டும். எனக்கு எப்போதுமே கேள்வி வரும். அரைநாள் தாமதமாக வரும்.

மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. என் வயசுதான் இருக்கும். ஏழுமலையின் மனைவி, பேர் பச்சையம்மாள் என்றாள்.

"காசு வுட்டுப் பாத்து எழுதுன பொம்பள நீதானா?"

ஆமாம் என்றேன்.

"இன்னா படிச்ச?"

"எஸ்.எஸ்.எல்.சி."

"துப்பாக்கிக்கு வாயில அளவெடுக்கணும்னு அதுல போட்டிருந்துதா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காலித் தோட்டாவை எடுத்தாள். சிவப்புக் காகித உடம்பு, அடியில் பித்தளைக் குப்பி. அதற்குள் பிள்ளைக்கு வசம்புப் பொடி போட்டு வைத்திருந்தாள். பொடியை வேறு ஒரு துணியில் கொட்டிக்கொண்டு குப்பியை என்னிடம் நீட்டினாள். பித்தளையில் 12 என்று தெளிவாக இருந்தது.

"எங்கூட்டுக்காரரு சுட்டுட்டு வந்தா தொடைச்சு எண்ணெ போடறது நானு. தொறந்து பின்பக்கம் இதைச் சொருகிப் பாரு. செருப்புல கால் போறாப்பல போவும்."

அவளை ஹெட்கிளார்க்கிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி வந்தது.

"பன்னண்டுன்னு போட்டிருக்குது. அப்ப ஒம் புருசங்கிட்ட பன்னண்டு இருந்துது. நேத்து கொண்டாந்தது பதினாறு. நீயே சாட்சி சொல்லிட்ட, போ."

பச்சையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் சாமி, மாட்டைக் கொண்டாந்து, சாணியையும் கொண்டாந்து காட்டுனா, இந்தச் சாணி போட்ட மாடு எங்கன்னு கேப்பியா?"

பியூன் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வெளிய போம்மா" என்றார் ஹெட்கிளார்க்.

அவள் வெளியே போய், கதவுக்கு ஒட்டினாற்போல் நின்றுகொண்டாள். நான் அவரிடம் மெதுவாகச் சொன்னேன்: "சார், அந்த முத்திரையை எடுத்துட்டு ஒரு தடவை திறந்து பாத்துடலாமே."

"முத்திரை வெச்ச பொருளை கோர்ட்டுலதான் உடைக்கணும். நாம உடைச்சா நாமதான் எதையோ மாத்திட்டோம்னு சொல்லுவான். பெரிய அதிகாரி வெளியூர் கேம்ப்ல இருக்கார். பன்னண்டு மணி பஸ்ஸுக்குப் போலீஸ் வரும். துப்பாக்கியும் உன் ரிப்போர்ட்டும் போயிடும். அப்புறம் அது அவங்க பாடு."

அவங்க பாடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ரிமாண்டு. துப்பாக்கி தெரிந்தவர் யாரையாவது கோர்ட்டு கூப்பிட்டு, அவர் வந்து, பார்த்து, எழுதிக் கொடுப்பதற்குள் மாதங்கள் போகும். அதற்குள் மணிலாக்கொட்டையைப் பன்றியே அறுவடை செய்துவிடும். அவலூர்பேட்டை வழக்குக்கும் ஆள் கிடைத்த மாதிரி ஆகிவிடும். மணி பதினொன்றேகால்.

இந்த நேரம் பார்த்து மில்காரர் கார் வந்து நின்றது. உரிமப் புத்தகத்தையும் துப்பாக்கியையும் கொண்டுவந்திருந்தார். "சீக்கிரம் பாத்துக் கொடும்மா, வேலை இருக்குது" என்று துப்பாக்கியை என் மேஜைமேல் கிடத்தினார். உண்மையிலேயே நடு இரும்பு எருமைக் கழுத்து மாதிரிதான் இருந்தது.

அந்த நிமிஷம் என்ன யோசித்தேன் என்று உங்களுக்கு வீரமாகச் சொல்ல ஆசைதான். ஒன்றும் யோசிக்கவில்லை. கை தானாக இழுப்பறைக்குப் போயிற்று. அது தினமும் செய்கிற வேலை. துப்பாக்கியை நிமிர்த்தி நூலை விட்டேன். வலது குழலில் காசு இறங்கியது. இடது குழலில் விளிம்பில் உட்கார்ந்தது.

மறுபடி விட்டேன். உட்கார்ந்தது. ஒரு பைசாவை விட்டேன். விழுந்தது.

"ஐயா, இது பன்னிரண்டு போர் இல்லை" என்றேன்.

"இன்னா?"

"லைசென்சுல பன்னிரண்டுன்னு இருக்கு. இது பதினாறு. ரெண்டு பைசா போகலை. பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் வர்றாங்க. நீங்களும் கொஞ்சம் உட்காரணும்."

மில்காரர் முதலில் சிரித்தார். ஹெட்கிளார்க் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்தினார். நான் நூலை அவர் கையிலேயே கொடுத்தேன். அவரே விட்டுப் பார்த்தார். முகம் மாறிக் கத்த ஆரம்பித்தார்.

"ஏம்மா, ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா? இது சோக்கும்மா, சோக்கு! ரவை செதறாம தூரமாப் போறதுக்கு வாயில கொஞ்சம் குறுக்கி வெச்சிருப்பான். எடது குழல் எப்பவும் அப்பிடித்தான் இருக்கும். வாயில பாத்தா எவனுக்கும் அளவு தெரியாது. பின்னாடி பாக்கணும், தோட்டா போடற எடத்துல!"

சொல்லிக்கொண்டே நெம்பைத் தள்ளித் துப்பாக்கியை மடக்கிக் காட்டினார். பின்பக்கத்தில் இரண்டு துவாரங்களும் ஒரே அளவில், பூனைக் கண்கள்போல் என்னைப் பார்த்தன. கதவோரத்திலிருந்து பச்சையம்மாளும் எட்டிப் பார்த்தாள்.

"இது நேத்தே உங்களுக்குத் தெரியுமாங்க?" என்றேன்.

"இருவது வருஷமாத் தெரியும்!"

"அந்த ஆளைக் கூட்டிக்கிட்டுப் போறப்ப ஏன் சொல்லலை?"

அவர் ஹெட்கிளார்க்கைப் பார்த்தார். ஹெட்கிளார்க் காலண்டரைப் பார்த்தார்.

"அது வேற" என்றார் மில்காரர் கடைசியில். "அது சிக்ஸ்டீன் ஃப்ரேம். ஒல்லி."

பெரிய மனுஷர்களுடைய அறிவு எப்படி வேலை செய்கிறது என்பதை அன்றைக்கு அந்த ஒரு சொல்லில் கற்றுக்கொண்டேன். தன் துப்பாக்கி என்றால் சோக்கு. தளவானூர்க்காரன் துப்பாக்கி என்றால் ஃப்ரேம். ஒல்லியான ஆளுக்குத் தொண்டை அகலமாக இருக்கக் கூடாது என்று எங்காவது விதி இருக்கிறதா? பதினாறுக்குச் செய்கிற சின்ன உடம்பில் பன்னிரண்டு போர்க் குழலைப் பொருத்தி, தூக்க இலேசாக இருக்கட்டும் என்று சில துப்பாக்கிகளைச் செய்வதுண்டு. இதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன், அதனால்தான் இன்றைக்கும் என்னை நானே மெச்சிக்கொள்ள முடியவில்லை.

அலமாரியிலிருந்து முத்திரை வைத்த துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இன்னாம்மா பண்ற?" என்றார் ஹெட்கிளார்க்.

"ரிப்போர்ட்டு இன்னும் என் கையிலதான் சார் இருக்கு. நீங்க கையெழுத்துப் போடலை. நான் எழுதினதை நானே மறுபடி பாக்கறேன்னு எழுதிட்டு உடைக்கறேன்."

"வேலை போயிடும்."

"ஒண்ணுல போச்சு, ஒண்ணுல போகலைன்னு நேத்தே உங்ககிட்ட சொன்னேன் சார்."

"நீ வாயால சொன்ன. கையால எழுதினது பதினாறு."

அவர் சொன்னது சரிதான். இப்போதும் சரிதான். போலீஸ்காரரும் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தார். நல்லதாகப் போயிற்று, சாட்சியாக இருங்கள் என்றேன். 'மறு பரிசோதனைக்காக முத்திரை நீக்கப்படுகிறது' என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட்டேன். என் பெயரே வேறு யாருடையதோ மாதிரி விழுந்தது. பேனாக்கத்தியால் அரக்கை நெம்பினேன். அது துண்டு துண்டாக உடைந்து ஃபைலெல்லாம் சிதறியது.

நெம்பைத் தள்ளினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். எனக்குத் திறக்கவே தெரியவில்லை. ஆயுதப் பிரிவில் மூன்றாவது வருஷம். நான் ஒரு துப்பாக்கியைக்கூடத் திறந்ததில்லை.

"நகரு" என்றாள் பச்சையம்மாள். எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. பிள்ளையை என் கையில் கொடுத்தாள். துப்பாக்கியை வாங்கி, கட்டை விரலால் நெம்பை ஒரு பக்கம் ஒதுக்கி, தொடைமேல் வைத்து மடக்கினாள். குழல்களுக்குக் கீழே இருக்கும் சிறிய மரத்துண்டை அழுத்திக் கழற்றினாள். பிறகு குழல்கள் இரண்டையும் உடம்பிலிருந்து தனியாகத் தூக்கி, மேஜைமேல் கவிழ்த்துவைத்தாள். அரிவாள்மணையை மடக்கி வைப்பதுபோல் அத்தனை சாதாரணமாக.

கவிழ்த்த குழல்களின் அடியில், வெளியிலிருந்து ஒருநாளும் கண்ணில் படாத இடத்தில், ஒரு சாய்சதுரம் பொறித்து அதற்குள் 12 என்று இருந்தது. பக்கத்தில் துப்பாக்கியின் எண். ஒரு இலக்கம்கூடத் தேயவில்லை. போலீஸ்காரர் உரிமத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணை உரக்கப் படித்தார். நான் குழலைப் பார்த்துச் சொன்னேன். கடைசி இலக்கம்வரை அதேதான். பச்சையம்மாள் வசம்பு வாசனை அடிக்கும் குப்பியை எடுத்து இடது குழலின் பின்பக்கம் போட்டாள். 'டக்' என்று உட்கார்ந்தது. வலதிலும் போட்டாள். உட்கார்ந்தது.

மில்காரர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "நான்தான் சொன்னேனே, பின்னாடி பாக்கணும்னு" என்றார்.

இந்த மாதிரி ஆட்கள் உங்களுக்கும் கிடைப்பார்கள். அவர்களோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரியாக இருக்கும், எந்தப் பாதி என்பது எதிரில் நிற்கிறவர் யார் என்பதைப் பொறுத்து மாறும். ஃப்ரேமைப் பார்த்துப் போரைச் சொல்கிறேன் என்று எவராவது சொன்னால், சரிங்க என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் திறந்துகொள்ளுங்கள்.

பெரிய அதிகாரி கேம்பிலிருந்து திரும்பியதும் எனக்கு மெமோ வந்தது. முத்திரையை உடைத்ததற்குத்தான். தவறாக எழுதியதற்கு இல்லை. தவறாக எழுதுவது நடைமுறைப்படி நடந்தது. திருத்தியது நடைமுறைப்படி நடக்கவில்லை. விளக்கம் கொடுத்தேன், எச்சரித்து விட்டுவிட்டார்கள். இரண்டு பைசாவை மட்டும் இழுப்பறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு மரக்கட்டை அளவுகோல் வந்தது. அதையும் ஹெட்கிளார்க் வாயில்தான் விட்டுப் பார்த்தார்.

எனக்கு இன்னமும் ஒரு பயம் தீரவில்லை. அந்தத் துப்பாக்கி ஒருவேளை பதினாறாகவே இருந்திருந்தால்? முத்திரையை உடைத்த குமாஸ்தாவாக நான் கோர்ட்டு வாசலில் நின்றிருப்பேன், இடுப்பில் எட்டு மாதப் பிள்ளையோடு. அது பன்னிரண்டாக இருந்ததால்தான் நான் செய்தது சரி என்று ஆயிற்றா, அல்லது எதுவாக இருந்தாலும் சரிதானா? பல தடவை இரண்டு பக்கமும் யோசித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வருகிறது. நீங்கள் என்னைவிடத் தெளிவானவர்களாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முத்திரையை உடைத்த அன்றைக்கே மூன்று மணிக்கு ஏழுமலையை விட்டார்கள். நேராக அலுவலகத்துக்கு வந்து துப்பாக்கியைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார். முதல் நாள் துவைத்துப் போட்டிருந்த சட்டை கசங்கி முதுகில் ஒட்டியிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கும்பிடப் போனவர், பாதியில் கையை இறக்கிக்கொண்டார். அவர் வெளியே போய்த் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, பச்சையம்மாள் குழந்தையை வாங்க என்னிடம் வந்தாள். பிள்ளை அதுவரைக்கும் என் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். "ஒண்ணுல போச்சு, ஒண்ணுல போகலைன்னு நேத்தே ஒனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அப்ப அதையே எழுதியிருக்கலாமே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தளவானூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று புருஷன் கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.